தொண்ணூறு ராத்தல்

மிஷன் ஆஸ்பத்திரியின் எடை மெஷினில் பிலோமினாள் ஏறி நின்றதும், நர்ஸ் பித்தளைக் குண்டைக் கம்பியில் நகர்த்தினாள். கம்பி அசையவில்லை. குண்டைப் பின்னால் தள்ளினாள். இன்னும் தள்ளினாள். கடைசியில் கம்பி ஒருவாறு நேராக நின்றது.

"எண்பத்திரண்டு ராத்தல், டாக்டரம்மா."

வெள்ளைக்கார டாக்டரம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பிலோமினாளைப் பார்க்கவில்லை. சுவர் ஓரமாக நின்ற அவள் அம்மா பாக்கியமேரியைப் பார்த்தார்.

"வீட்டில் இவளுக்குப் போதிய ஆகாரம் கிடைக்கிறதா?" என்று புத்தகத் தமிழில் கேட்டார்.

பாக்கியமேரிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவர்கள் ஊர் கோச்சடையில் கோயில் திருவிழா அசன விருந்து என்றால் அவள் உப்புப் பார்க்காமல் ஒரு அண்டா இறங்காது. கல்யாண வீட்டுக்காரர்கள் சமயநல்லூரிலிருந்துகூட மாட்டு வண்டி அனுப்பி அவளைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அவளைப் பார்த்து, பெற்ற பிள்ளைக்குச் சோறு போடுகிறாயா என்று ஒருத்தி கேட்டுவிட்டாள்.

"போடுறேம்மா. நல்லாத்தான் போடுறேன். இது ஒடம்புல ஒட்ட மாட்டேங்குது" என்றாள்.

டாக்டரம்மா கனிவாகத்தான் பேசினார். நர்ஸ் படிப்புக்கு வேண்டிய பதினெட்டு வயது ஆகியிருக்கிறது, எட்டாம் வகுப்புப் பாஸ் பண்ணியிருக்கிறாள், எல்லாம் சரி. ஆனால் தொண்ணூறு ராத்தலுக்குக் குறைந்த பெண்களைச் சேர்ப்பதில்லை. அடுத்த சேர்க்கை ஆடி மாதம். அதற்குள் எடை ஏறினால் வரலாம்.

அப்போது சித்திரை பிறந்திருந்தது. வெளியே வந்தால் தெரு கொதித்தது. ஜட்கா வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் பாக்கியமேரி தொடங்கிவிட்டாள்.

"என் மானத்த வாங்கிட்டியேடி."

"நான் என்னம்மா செய்ய? திங்கத்தான செய்றேன்."

"கோழி கொத்துற மாதிரி கொத்துனா திங்குறதாடி அது? உங்கப்பாகிட்டயும் உங்க அத்தைமாருகிட்டயும் எம்புட்டுச் சண்ட போட்டு உன்ன இங்க கூட்டியாந்தேன். இனி அவுங்க சிரிப்பாங்கள்ல?"

சிரிக்கத்தான் செய்தார்கள். பிலோமினாளின் அப்பா கிருபாகரன் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார், சாது. அவர் சிரிக்கவில்லை. அவருடைய அக்காமார்தான், கோயில் வாசலில் நின்று, ஆஸ்பத்திரிக்காரிக்கே பிடிக்காத எலும்பை எந்த மாப்பிள்ளைக்குப் பிடிக்கும் என்று எல்லோர் காதிலும் விழும்படி பேசினார்கள். பாக்கியமேரி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்து, அடுக்குப் பானையிலிருந்து கறுப்பு உளுந்தை முறத்தில் கொட்டினாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது.

தோலோடு வறுத்து அரைத்த உளுந்து மாவைக் கருப்பட்டிப் பாகில் போட்டு, கட்டி தட்டாமல் களியாகக் கிண்டி, நடுவில் குழி பண்ணி நல்லெண்ணெய் ஊற்றிக் காலையில் கொடுத்தாள். கோடைக்கு உளுந்தும் நல்லெண்ணெயும் குளிர்ச்சி, இடுப்புக்குப் பலம், சதையும் போடும். பிலோமினாள் மூன்று உருண்டை விழுங்கிவிட்டுத் தண்ணீர் கேட்டாள்.

"தண்ணி குடிக்காத. வயிறு அதுலயே நெறஞ்சிரும்."

"வெயிலும்மா. நாக்கு ஒட்டுது."

"அப்ப மோரக் குடி. இல்ல, மோர் வேணாம். தயிரக் குடி."

பால்காரியிடம் சொல்லி எருமைப் பால் வாங்கி உறை ஊற்றினாள். கத்தியால் வெட்டலாம் போல இருந்தது தயிர். பழைய சோற்றை நீர் வடித்து, அந்தத் தயிரை ஏடோடு போட்டுப் பிசைந்து, சின்ன வெங்காயம் தொட்டுக்கொள்ள வைத்தாள். நடுப்பகலில் நுங்கைத் தோல் சீவி, தேங்காய்ப் பாலிலும் பனங்கற்கண்டிலும் மிதக்கவிட்டாள். சாயங்காலம் சிறுமலை வாழைப்பழத்தை நெய்யில் வதக்கி, பேரீச்சம்பழத்தைக் கிள்ளிப் போட்டாள். இடையில் கொறிக்க எள்ளுருண்டை. பருத்திக்கொட்டையை ஊறவைத்து, ஆட்டுரலில் ஆட்டி, துணியில் பிழிந்து பால் எடுத்து, அரிசி மாவு கரைத்து, தேங்காய்ப் பாலும் சுக்கும் ஏலமும் சேர்த்து அவள் காய்ச்சும் பருத்திப்பாலின் மணம் வைகைக் கரை வரை போகும். அந்த வெயிலில் ஆட்டுரல் முன்னால் உட்கார்ந்து அவளுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. விசிறிக் கட்டையால் சொறிந்துகொண்டே ஆட்டினாள்.

அடுத்த வீட்டு சுல்தான் பீவி சுவருக்கு மேலாகத் தலையை நீட்டுவாள். அவளுக்குப் பிறந்த ஊர் கீழக்கரை. புருஷன் பீர் முகமது துணி மூட்டையைத் தோளில் போட்டு ஊர் ஊராக விற்பவர். பிள்ளை குட்டி இல்லாத வீடு.

"மேரியக்கா, எங்கூர்ல பொண்ணு எளச்சா வட்டிலாப்பந்தான். தேங்காப் பால், முட்டை, கருப்பட்டி. ஆவியில வேகவெச்சு எடுத்தா அல்வா மாதிரி துண்டு போடலாம். ஒரு மாசத்துல கன்னம் வந்துரும். நான் செஞ்சு தாரேன்."

"தா தாயி. எதக் குடுத்தாச்சும் ஏறுனாச் சரி."

வட்டிலாப்பமும் வந்தது. பிலோமினாள் ஒரு துண்டு தின்றுவிட்டு, நன்றாக இருக்கிறது அத்தை என்றாள். இரண்டாவது துண்டைக் கையில் வைத்துக்கொண்டே அப்பாவின் பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் மனித உடம்பின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எறும்பு ஏறியது.

அதைக் கண்டால்தான் பாக்கியமேரிக்குப் பற்றிக்கொண்டு வரும். வேண்டாம் என்று இந்தப் பெண் சொல்லுவதே இல்லை. சொன்னால் ஒரு அடி வைக்கலாம். தலையை ஆட்டிக்கொண்டே தட்டை வாங்குவாள், பாதி தின்பாள், மீதி ஆறிப் போகும். வெயில் ஏற ஏற அந்தப் பாதியும் கால் ஆனது. ஒரு நாள் நெய் ஊற்றிய மாம்பழச் சோற்றைத் தின்று, தின்ற வேகத்தில் கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தாள்.

"பிள்ளையப் போட்டு இம்ச பண்ணாத, மேரி" என்றார் கிருபாகரன்.

"நீங்க பேசாதீங்க. அவளுக்கு வெக்கிறதெல்லாம் உங்களுக்குத்தான் ஒட்டுது. வேட்டி இடுப்புல நிக்கல, பாத்தீங்களா?"

அவர் வேட்டியைப் பார்த்தார். உண்மைதான். பிலோமினாள் மிச்சம் வைக்கிற களியையும் பழத்தையும் வீணாக்கக் கூடாது என்று அவர்தான் ஒழித்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போகாமல் எடை பார்க்க ஒரே வழி, காளவாசலில் வீரணனின் விறகுக்கடைத் தராசு. கூரையிலிருந்து சங்கிலியில் தொங்குகிற பெரிய தராசு அது. வைகாசியில் ஒரு காலை பாக்கியமேரி மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். கிருபாகரன் வெட்கப்பட்டுக்கொண்டு பின்னால் வந்தார். வண்டி பிடித்து வந்திருந்தவர்களும் செங்கல் சூளை ஆட்களும் வேடிக்கை பார்க்க, பிலோமினாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தராசுத் தட்டில் உட்கார்ந்தாள். வீரணன் எதிர்த் தட்டில் படிக்கற்களை அடுக்கினான்.

"என்ன வாத்தியாரய்யா, எங்க கடைச் சுள்ளிக்கட்டு இதவிடப் பாரமா இருக்கும்போலயே" என்று சிரித்தான்.

"கல்ல மட்டும் பாருய்யா, வாயப் பாக்காத" என்றாள் பாக்கியமேரி.

கிருபாகரன் மணங்குக் கணக்கை ராத்தலாக்கி விரலில் எண்ணிச் சொன்னார். எண்பத்து மூன்று. இவ்வளவுக்கும் ஒரே ஒரு ராத்தல். அதுவும் காலையில் தின்ற களியோ என்னவோ.

திரும்பி வரும் வழி முழுக்க பாக்கியமேரி விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். வீட்டுக்கு வந்து களிச் சட்டியைத் தூக்கி முற்றத்தில் வைத்தாள். வைத்த வேகத்தில் சட்டி இரண்டாகப் பிளந்தது. மாவும் எண்ணெயும் வழிந்து ஓடின. அவள் அதன் முன்னால் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து அழுதாள். பிலோமினாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் வேணும்னு பண்ணலம்மா. எனக்குப் போகணும்மா. உங்களவிட எனக்குத்தான் போகணும்."

"அப்ப தின்னுடி!"

"தின்னுறேன். இந்த நேரத்துக்குத் தராதீங்க. வெயில் ஏறிட்டா எனக்கு எதுவும் எறங்க மாட்டேங்குது. விடியக் கருக்கல்ல தாங்க. அப்புறம் வெயில் தாழ்ந்து தாங்க. நடுவுல தயிர மட்டும் தாங்க."

முதல் முறையாக அந்தப் பெண் தனக்கு என்ன வேண்டும் என்று வாய் திறந்து சொன்னாள். அதை முன்னமே சொல்லித் தொலைப்பதற்கு என்ன என்று பாக்கியமேரிக்கு அதற்கும் கோபம்தான். ஆனாலும் மறுநாளிலிருந்து கோழி கூவுகிற நேரத்துக்கு அடுப்பு மூட்டினாள். அந்தக் குளிர்ந்த பொழுதில் பிலோமினாள் ஒரு தட்டுக் களியை ஒழித்துவிட்டு இன்னும் கேட்டாள். பருத்திப்பாலைச் சாயங்காலம் ஆற்றிக் கொடுத்தால் சொம்போடு கவிழ்த்தாள். ஆனி பிறக்கும்போது ரவிக்கைக் கை இறுகிவிட்டது என்று தையலைப் பிரித்தாள். பாக்கியமேரி அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள். கிள்ளினால் சதை அகப்பட்டது. வீரணன் தராசில் எண்பத்தொன்பது. வீரணன்கூட வாயை மூடிக்கொண்டு கல்லை இறக்கினான்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றாள் பாக்கியமேரி. திரும்பும்போது அவளுக்கு நடையே வேறாக இருந்தது.

அந்த வாரத்தில்தான் வாந்திபேதி வந்தது. ஆற்றில் ஓட்டம் இல்லை. மணலில் தோண்டிய ஊற்றுத் தண்ணீரை எல்லோரும் எடுத்தார்கள். முதலில் கரையோரக் குடிசைகளில் இரண்டு பேர் போனார்கள். பிறகு ஒரு மத்தியானம் சுல்தான் பீவி வீட்டில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பீர் முகமது மூட்டையோடு சமயநல்லூர் தாண்டிப் போயிருந்தார்.

பிலோமினாள் சுவரில் எக்கிப் பார்த்தாள். இறங்கி வாசலுக்கு ஓடினாள்.

பாக்கியமேரி குறுக்கே கையை நீட்டி நின்றாள். "போகாத. பெரியாஸ்பத்திரிக்கு ஆள் அனுப்புவோம்."

"அனுப்புங்க. ஆள் போய் வண்டி வர்றதுக்குள்ள அத்தை செத்துரும்."

"உனக்கு வந்துச்சுன்னா?"

"அம்மா, நான் நர்ஸ் படிப்புக்கு எதுக்குப் போகணும்னு கேட்டேன்? தொப்பி போட்டுக்கிட்டு நிக்கவா?"

"கரண்டி கரண்டியா ஏத்துன சதைடி இது! என் கை வெந்து ஏத்துனது!"

பிலோமினாள் அம்மாவின் கைக்குக் கீழே குனிந்து போய்விட்டாள்.

வண்டி வரவில்லை. ஊரெல்லாம் நோயாளிகள், வண்டிக்காரர்கள் இந்தப் பக்கம் வரவே பயந்தார்கள். பீர் முகமது திரும்பி வரும்வரை அந்த வீட்டில் பிலோமினாள்தான் இருந்தாள். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, உப்பும் துளி சர்க்கரையும் போட்டு, வடிகஞ்சியில் கலந்து கரண்டியால் புகட்டிக்கொண்டே இருந்தாள். வாந்தியில் போனால் மறுபடியும் புகட்டினாள். துணிகளைக் கொல்லையில் போட்டு எரித்தாள். பாக்கியமேரி வாசற்படியில் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எட்ட நின்று கத்துவாள். "தின்னுட்டுப் போடி பாவி!" உள்ளேயிருந்து "வாரேம்மா" என்று குரல் வரும். ஆள் வராது. தட்டில் ஈ மொய்க்கும். எடுத்துக் கொட்டிவிட்டு வேறு வைப்பாள். அதையும் கொட்டுவாள். அவளுக்குச் செபமாலையை உருட்டவும் முடியவில்லை. மாதாவே என்று தொடங்கினால் ராத்தல் கணக்கில் போய் முடிந்தது.

சுல்தான் பீவி பிழைத்துக்கொண்டாள். பீர் முகமது வந்து வாசலில் நின்று, பிலோமினாளைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார். பிலோமினாள் கிணற்றடியில் சுடுதண்ணீர் ஊற்றிக் குளித்துவிட்டு வீட்டுக்குள் வந்தாள். பிரித்துத் தைத்த ரவிக்கைக் கை தொளதொளவென்று ஆடியது. பாக்கியமேரி அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகளுக்கு நோய் ஒட்டவில்லையே என்று கும்பிட வேண்டியவள்தான். கும்பிட்டாள். கும்பிட்டுக்கொண்டே பல்லைக் கடித்தாள்.

ஆடி மாதம் ஆஸ்பத்திரிக் கம்பி எண்பத்தொன்றில் நின்றது.

"அம்மா, போன மாசம் தொண்ணூறுக்குப் பக்கத்துல வந்திருச்சும்மா" என்றாள் பாக்கியமேரி. டாக்டரம்மா முன்னால் அவள் இவ்வளவு சத்தமாகப் பேசுவாள் என்று அவளே நினைக்கவில்லை. "ஒரு உசுரக் காப்பாத்தப் போயி எறங்குச்சு. பக்கத்து வீட்டுக்காரிக்கு வாந்திபேதி. இவதான் பாத்தா. நர்ஸ் வேல அதுதான? செஞ்சுட்டால்ல? அதுக்கு மேல அந்தக் கம்பி என்னத்தச் சொல்லப் போகுது?"

டாக்டரம்மா பிலோமினாளிடம் நோயாளியைப் பற்றி விசாரித்தார். என்ன கொடுத்தாய், எப்படிக் கொடுத்தாய், துணிகளை என்ன செய்தாய். எல்லாம் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இவள் நல்ல நர்ஸ் ஆவாள். ஆனால் இப்போது சேர்க்க மாட்டேன். இந்த வார்டுகளில் காச நோய் இருக்கிறது. மெலிந்த பெண்களைத்தான் அது முதலில் பிடிக்கிறது. போன வருடம் உங்கள் மகளைப் போலவே ஒருத்தி ஆர்வமாக வந்தாள். இரக்கப்பட்டுச் சேர்த்தோம். அவள் தாயாரிடம் நான் போய் நிற்க வேண்டியதாயிற்று. உங்களிடமும் அப்படி வந்து நிற்க எனக்கு விருப்பமில்லை. தை மாதம் கூட்டி வாருங்கள்."

பாக்கியமேரிக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரமாக இருந்தது இதுதான்: திட்டுவதற்குக்கூட அந்த அம்மாள் இடம் கொடுக்கவில்லை.

ஜட்காவில் பிலோமினாள் தலைகுனிந்து அழுதாள். பாக்கியமேரிக்கு மூன்று மாதக் கோபமும் நாக்கு நுனியில் நின்றது. சொன்னேனே, கேட்டாயா என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தாள்.

"அழாத. மூக்க ஒழுகவிடாத" என்று மட்டும் வந்தது. முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்தாள்.

வீட்டுக்கு வந்தால் சுல்தான் பீவி வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கழுத்தெலும்பு துருத்தி, கண் குழிந்து, ஆளே பாதியாகியிருந்தாள்.

"என்னால புள்ளைக்குப் போச்சே, மேரியக்கா" என்றாள்.

"நீ ஒண்ணு. உள்ள வா, விழுந்து தொலையாத. ஏற்கெனவே ஒரு எலும்புக்கூடு இருக்கு, ரெண்டாச்சு."

அன்று சாயங்காலம் பருத்திப்பால் இரண்டு சொம்பு காய்ச்சினாள். சுல்தான் பீவிக்கு வாய் கசந்தது, எதையும் வேண்டாம் என்றாள். பிலோமினாள் விடவில்லை. "இது உங்களுக்கு அத்தை, இது எனக்கு" என்று ஒரு வாய் அவளுக்குப் புகட்டி, ஒரு வாய் தானும் குடித்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே சொம்பை ஒழித்தாள். பாக்கியமேரி அடுக்களையிலிருந்து பார்த்தாள். அடுத்தவளைத் திங்கவைக்க வேண்டும் என்றால்தான் இவளுக்கும் பசிக்கிறது. இது தெரிந்திருந்தால் சித்திரையிலேயே தெருவில் போகிற ஒரு நோயாளியைக் கூட்டி வந்து எதிரே உட்காரவைத்திருக்கலாமே என்று நொந்துகொண்டாள்.

ஐப்பசி மழையில் வைகையில் தண்ணீர் வந்தது. வெயில் அடங்கியதும் களிக்கும் நெய்க்கும் எதிரி இல்லை. சுல்தான் பீவி எழுந்து நடமாடி, தானே வட்டிலாப்பம் செய்து சட்டியோடு சுவரைத் தாண்டிக் கொடுத்தாள். தை மாதம் ஆஸ்பத்திரிக் கம்பி தொண்ணூற்று மூன்றில் நின்றபோது பாக்கியமேரி அந்தக் கம்பியை முறைத்தாள்.

பிலோமினாள் ஆஸ்பத்திரி விடுதியில் சேர்ந்தாள். மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க அனுமதி கிடைத்தது. பாக்கியமேரி தூக்குச்சட்டி நிறைய எள்ளுருண்டையும் ஒரு சொம்பு எருமைத் தயிரும் எடுத்துக்கொண்டு போனாள். மகள் வெள்ளைப் புடவையில் வேகமாக நடந்து வந்தாள். முகத்தில் அப்படி ஒரு களை. ஆனால் தாடை எலும்பு மறுபடியும் எட்டிப் பார்த்தது.

"எளச்சுட்டியேடி!"

"இல்லம்மா. இங்க மாசா மாசம் நிறுப்பாங்க, கரெக்டாத்தான் இருக்கேன்." எள்ளுருண்டை ஒன்றை எடுத்துப் பாதி கடித்தாள். அதற்குள் உள்ளே மணி அடித்தது. "வார்டுக்குக் கூப்புடுறாங்க. வாரேம்மா, பொறுங்க" என்று மீதிப் பாதியைத் தூக்குச்சட்டியிலேயே போட்டுவிட்டு ஓடினாள்.

பாக்கியமேரி வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியும் கையுமாக நின்றாள். இத்தனை மாதம் அடுப்பில் வெந்தது இதற்குத்தானா என்று நெஞ்சு எரிந்தது. பக்கத்தில் இன்னொரு வெள்ளைப் புடவைப் பெண் வந்து தயங்கி நின்றாள். அவளை யாரும் பார்க்க வந்ததாகத் தெரியவில்லை.

"நீங்க பிலோமி அம்மாவா? நான் தங்கப்பொண்ணு. அவ கூடத்தான் படிக்கிறேன். அது எள்ளுருண்டையா, அத்த?"

"ஆமா. எடுத்துக்க."

தங்கப்பொண்ணு ஒன்றைத் தின்றாள். இரண்டாவதையும் தின்றாள். விடுதியில் தினமும் கஞ்சிதான் என்றாள். பிறகு உள்ளே போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மூன்று பெண்களும் மரத்தடியில் உட்கார்ந்து தயிரைக் கையில் ஊற்றிக் குடித்தார்கள். ஒருத்திக்குக் கைமுட்டி குச்சி மாதிரி இருந்தது. இதை எப்படித் தொண்ணூறு என்று சேர்த்தார்கள், அந்தக் கம்பி பொய் சொல்கிறதா என்று பாக்கியமேரிக்கு எரிச்சல் வந்தது.

"நல்லா மெல்லுங்கடி. முழுங்காதீங்க" என்றாள்.

"அடுத்த ஞாயிறும் வருவீங்களா, அத்த?" என்று கேட்டாள் தங்கப்பொண்ணு, விரலை நக்கிக்கொண்டே.

"வேற வேல இல்லையா எனக்கு?" என்று சீறினாள் பாக்கியமேரி. காலித் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவள், நின்று திரும்பினாள். "உங்கள்ல யாருக்குடி உளுந்தங்களி புடிக்காது? இப்பவே சொல்லிருங்க. அப்புறம் கொண்டாந்து வெச்ச பெறகு மூஞ்சியச் சுளிச்சா எனக்குக் கெட்ட கோவம் வரும்."